டின் மான்சூனின் கடைசிக் கச்சேரி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புனே மகர்பட்டாவில், கல்லூரித் தோழி மீனாவின் ஃப்ளாட்டில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். எல்லோருக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது. இரண்டு பேருக்குத் தொப்பை, ஒருவனுக்கு நடுமண்டையில் வழுக்கை. அந்த ஒருவன் நான்தான். மீனா அடுப்படியில் ஜவ்வரிசியில் சாபுதானா வடை பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டு, இந்தக் கூட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

கனடாவில் இருக்கும் நிதின், தன் அம்மா வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு கேசட்டைக் கணினிக்கு மாற்றி அனுப்பியிருந்தான். கல்லூரி நாட்களில் நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பேண்டின் கடைசிக் கச்சேரி. எங்களுடைய இணையக் குழுவில் வருஷக்கணக்காக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான். அன்று என்னென்ன கோளாறு நடந்தது, எந்த இடத்தில் எந்த மெஷின் மக்கர் செய்தது என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். நன்றாக நடந்த கச்சேரியை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள், சொல்லுங்கள். கல்யாணத்தில்கூட சாம்பார் தீர்ந்துபோன கல்யாணம்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வந்தது. ம்ம்ம் என்று அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல. அறை முழுக்கச் சிரிப்பு. "அதே ஹம்!" என்றான் அனிகேத். மற்றவர்கள் கூடவே முனகிப் பார்த்தார்கள். நான் வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். அது எதனால் வந்த சத்தம் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். பதினான்கு வருஷமாகத் தெரியும்.

ஆனால் அதற்குமுன் சேகரைச் சொல்ல வேண்டும். சேகரைச் சொல்வதென்றால் தேஹு ரோடிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் அங்கே ராணுவ டிப்போவில் சிவிலியன் உத்தியோகம். என் அப்பா எழுத்தர், வேலூர்ப் பக்கம். சேகரின் அப்பா எலக்ட்ரிக்கல் ஸ்டோர்ஸில் இருந்தார், திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் நான்கு வாசல். காலையில் டிப்போவில் சங்கு ஊதினால் எங்கள் தெரு முழுக்க ஒரே நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுகள் விடுபடும் சத்தம் கேட்கும். சுற்றிலும் வேலி, வேலி நெடுக மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் பலகைகள். புகைபிடிக்காதே, தாண்டாதே, படமெடுக்காதே. நாங்கள் எழுத்துக்கூட்டி இந்தி படித்ததே அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான். எச்சரிக்கைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? அவை எதுவும் கண்ணில் படாமல் போய்விடும். ஒரு மண்டையோட்டுப் பலகையின் மேல்தான் நாங்கள் ஈரத் துண்டைக் காயப்போடுவோம்.

கல்லூரிக்குப் புனேவுக்கு லோக்கல் ரயிலில் போவோம். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. சட்டைப்பையில் பேனாவோடு ஒரு டெஸ்டரையும் செருகிக்கொண்டு, ஏதோ மின்சாரத்தையே நான்தான் கண்டுபிடித்தவன்போல ரயிலில் நிற்பேன். சேகர் பி.காம். ஆனால் அவன் கை எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கம்பி, டிபன் டப்பா, என் முதுகு. சர்ச்சில் வாசிக்கிற ஒருவரிடம் போய் அவனாகவே கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தான்.

அந்த நாளில் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருகிற கேசட் ஏழெட்டுக் கை மாறி, காப்பிக்குக் காப்பியாகி, பாதிச் சத்தம் தேய்ந்து எங்களிடம் வந்து சேரும். அப்படி வந்ததுதான் நியூ வேவ் என்கிற சமாசாரம். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, மெஷின் வாசிக்கும். பாடுகிறவன் அழவும் மாட்டான், உருகவும் மாட்டான். ரயில் நிலைய அறிவிப்புபோலச் சோகத்தைச் சொல்வான். பின்னால் கீபோர்டு குளிர்காற்றுபோல இழைந்துகொண்டே இருக்கும். வீட்டில் போட்டால் அம்மா, "எழவு வீட்டுல கூட இதவிட நல்லா பாடுவாங்க" என்பாள். எங்களுக்கோ அதைக் கேட்டால் உடம்பு சிலிர்த்தது.

நிதின் புனேவின் கேம்ப் பகுதிப் பையன். கிட்டாரும் பாட்டும். சேகரும் அவனும் சேர்ந்து தொடங்கியதுதான் டின் மான்சூன். தகரக் கொட்டகையில் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒத்திகை பார்த்ததால் அந்தப் பெயர். மூன்றாவது உறுப்பினர் டிரம் மெஷின். அதற்குக் 'காகா' என்று பெயர் வைத்திருந்தார்கள். மராத்தியில் சித்தப்பா. காகாவுக்குக் கோபம் வராது, காகா லேட்டாக வரமாட்டார், காகா டீ கேட்கமாட்டார் என்பான் சேகர். நான் நான்காவது ஆள். மேடையில் கிடையாது. வயர் இழுப்பது, ப்ளக் மாட்டுவது, ஃப்யூஸ் போனால் பார்ப்பது. நோட்டீஸில் 'ஒலி, ஒளி' என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார்கள். அந்த நோட்டீஸை அப்பாவின் கண்ணில் படுகிற மாதிரி டி.வி. மேல் வைத்தேன். அவர் அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

கச்சேரி நடந்தது கேம்பில் இருந்த ஒரு பழைய கூடத்தில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு பக்கமும் மரக் கதவுகள், மேடைக்குப் பின்னால் வரிசையாக நான்கு சிறிய அறைகள். அதில் ஒன்றில்தான் கூடத்தின் மிஸ்திரி குடும்பத்தோடு இருந்தார். பபன் என்று பெயர். பபன் மிஸ்திரி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, காக்கி அரைக்கை சட்டை, காதில் பென்சில். விளக்கு, மின்விசிறி, குழாய், கூரை எல்லாம் அவர் பொறுப்பு.

ஆகஸ்ட் மாதம். மழை இரண்டு நாளாக விடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குச் சாமான்களை இறக்கியபோது கூடம் முழுக்க ஈரச் சிமெண்ட் வாடை. நான் மேடையின் வலப்பக்கத்தில் இருந்த சுவிட்ச் போர்டில் எங்கள் எக்ஸ்டென்ஷனை மாட்டப் போனேன். பபன் வந்து என் கையைப் பிடித்தார். அந்தப் போர்டில் எர்த் இல்லையாம். பேருக்குத்தான் மூன்று ஓட்டை, பின்னால் வயரே கிடையாதாம். மெயின் போர்டு இடப்பக்கம் கடைசியில் இருக்கிறது, அங்கேயிருந்து தனியாக ஒரு எர்த் இழுத்துத் தருகிறேன், வயர் வாங்கிவர வேண்டும், கொஞ்சம் பொறு என்று இந்தியும் மராத்தியும் கலந்து சொன்னார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனார்.

கொஞ்ச நேரம் பொறுத்தேன். நிதின் சவுண்ட் செக் வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தான். வாசலில் அதற்குள்ளேயே குடையோடு கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. எங்கள் ப்ளக்கோ தடிமனான மூன்று பின் ப்ளக். அந்த ஓட்டையில் நுழையவில்லை. நான் ப்ளக்கையே கழற்றினேன். வயரின் முனையைச் சீவி, இரண்டு கம்பிகளை ஓட்டைக்குள் செருகி, தீக்குச்சியை முறித்து ஆப்பாக அடித்தேன். மிச்சமிருந்த, எர்த்துக்கான பச்சை வயரை மடித்து டேப் சுற்றிவிட்டேன். கிட்டார் ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, காகா மூன்றும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுத்தன. பாட்டுக்கான மைக்குகள் மட்டும் கூடத்துக்காரர்களின் ஸ்பீக்கர் செட்டோடு மெயின் போர்டில் இருந்தன. சேகர் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு ஸ்டாண்டின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். "ஆச்சாடா?" என்றான். "பக்கா" என்றேன். சுவிட்சைப் போட்டதும் அந்த ரீங்காரம் வந்தது.

டிப்ளமோ இரண்டாம் வருஷம். எர்த்திங் பாடத்தில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன் நான்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்கியது. இருநூறு பேர் இருக்கலாம். ஈரத் தலையும் ஈரச் செருப்புமாக எல்லோரும் மேடையை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். முதல் பாட்டிலேயே கோளாறு ஆரம்பித்தது. மேடை விளக்கை ஏற்றும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கியது. இறங்கினால் காகாவுக்கு நினைவு தப்பிவிடும். நாங்கள் போட்டு வைத்திருந்த தாளத்தை மறந்துவிட்டு, கம்பெனியில் அதற்குள் வைத்து அனுப்பிய ரும்பா தாளத்தை வாசிக்கும். நிதின் மரணத்தைப் பற்றி முகத்தில் அசைவில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறான், பின்னால் கல்யாண பார்ட்டி தாளம். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சேகர் சளைக்காமல் அந்த ரும்பாவுக்கு ஏற்றபடி கையை மாற்றிக்கொண்டான். சிரிப்பு கைதட்டலானது. மூன்றாவது பாட்டில் கீபோர்டு தானாகவே வயலின் சத்தத்தை விட்டுவிட்டுத் தவளைபோலக் கத்தியது. அதற்கும் கைதட்டல். அன்று எது நடந்தாலும் கைதட்டுவது என்று கூட்டம் முடிவு செய்துவிட்டதுபோல இருந்தது. கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. மேடையின் வலது மூலையில் சொட்டுச் சொட்டாக விழுந்து ஆம்ப்ளிஃபயரை நோக்கி ஒரு கோடு நகர்ந்தது. நான் துணியைப் போட்டேன். துணி நனைந்தது. இன்னொரு துணி போட்டேன்.

நான்காவது பாட்டில் நிதின் திடீரென்று பின்னால் துள்ளினான். கூட்டம் அதைப் புது நடனம் என்று எடுத்துக்கொண்டது. அவன் மறுபடி மைக்கிடம் போனான், மறுபடி துள்ளினான். முன்வரிசையில் இருந்தவர்கள் அதேபோலத் துள்ள ஆரம்பித்தார்கள். சிறிது நேரத்தில் இருநூறு பேரும் துள்ளினார்கள். மீனாவும் துள்ளியிருக்கிறாள், அவளே சொன்னாள்.

பாட்டு முடிந்ததும் சேகர் மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து சொன்னான். "மைக் கடிக்குதாம்டா அவனுக்கு. உதட்டுல சுள்ளுனு அடிக்குதாம்."

டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். மைக்கில் வைத்தேன். எரியவில்லை. எங்கோ ஒரு நிம்மதி வந்தது, மைக் என்னுடைய பொறுப்பில்லையே. பிறகு எதற்கும் பார்க்கலாம் என்று கிட்டார் கம்பியில் வைத்தேன். டெஸ்டருக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி கண் திறந்தது. கீபோர்டின் இரும்பு ஸ்டாண்டில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது.

கடித்தது மைக் இல்லை. என் போர்டு. கிட்டாரில் ஏறிய மின்சாரம், எர்த் உள்ள மைக்கில் உதடு பட்டதும் அவன் உடம்பு வழியாக இறங்கியது.

அப்போது இடப்பக்கக் கதவில் பபன் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. தோளில் பச்சை வயர்ச் சுருள். அந்த மழையில் எத்தனை கடை ஏறி இறங்கினாரோ. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நிறுத்து, மாட்டித் தருகிறேன் என்று அர்த்தம். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். யார் மாட்டினது என்று கேட்பார்கள். நோட்டீஸில் என் பெயர் அச்சாகியிருந்தது. கூட்டம் 'இன்னொன்று, இன்னொன்று' என்று தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நான் பபனைப் பார்த்து, அப்புறம் என்று கையசைத்தேன்.

மைக்கில் ஒரு பஞ்சுறையை மாட்டி, நிதினிடம், உதடு படாமல் பாடு, ஈரம்தான், ஒன்றுமில்லை என்று சொன்னேன். சேகரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் பாடுவதில்லையே. இப்படித்தான் நினைத்தேன். இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கடைசிப் பாட்டு. கூட்டத்தின் உற்சாகத்தில் நிதின் திட்டமிடாத ஒன்றைச் செய்தான். இரண்டாவது மைக்கைத் தூக்கிவந்து சேகரின் முன்னால் வைத்து, கூடப் பாடு என்று சைகை செய்தான். சேகர் வெட்கப்பட்டுச் சிரித்தான். வாசிக்கும்போது அவன் எப்போதும் செருப்பைக் கழற்றிவிடுவான், பெடலை மிதிக்க வெறுங்காலில்தான் வசம் என்பான். இடது கையை ஸ்டாண்டின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் கட்டையை அழுத்திக்கொண்டே, மைக்கை எட்டி முகத்தைக் கொண்டுபோனான்.

ஒரு சுரம் நீண்டது. கையை எடுக்காமல் ஒரே சுரம். சேகரின் தலை மைக்கின் மேல் சாய்ந்தபடி நின்றது. கண்கள் திறந்திருந்தன. காகா மட்டும் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தது. கூட்டம் ஒரு கணம் அமைதியாகி, பிறகு மெல்லக் கைகளை உயர்த்தியது. இருநூறு பேரும் அந்த ஒற்றைச் சுரத்துக்குக் கை உயர்த்தி நின்றார்கள். எல்லோரும் புல்லரித்துப்போனதாகச் சொல்வார்கள். எனக்கும் புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்தது. போர்டு என் காலடியில் இருந்தது. குனிந்து பிடுங்கியிருக்கலாம். கை எழவில்லை.

பபன்தான் ஓடினார். வயர்ச் சுருளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மெயின் சுவிட்சை அடைந்து கீழே இழுத்தார். கூடம் இருண்டது. மேடையில் ஏதோ கனமாக விழுந்தது. அந்த இருட்டில் கைதட்டல் ஆரம்பித்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மின்சாரம் போய்விட்டது, எல்லோரும் கிளம்புங்கள் என்று யாரோ கத்தி அனுப்பிவைத்தார்கள். ரொம்பப் பேருக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. அதனால்தான் இணையத்தில் இன்றும், இப்படி ஒரு முடிவை எந்த வெளிநாட்டு பேண்டும் செய்ததில்லை என்று எழுதுகிறார்கள். நாங்கள் சேகரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். நிதின் அவன் மார்பை அழுத்திக்கொண்டே வந்தான். ஆட்டோ முழுக்கக் கருகின வாடை. இப்போதும் எங்காவது சுவிட்ச் போர்டு சூடேறி மீன் நாற்றம் அடித்தால் எனக்குச் சோறு இறங்காது.

சேகர் பிழைத்தான். இடது கையில் இரண்டு விரல்கள் கருகி மடங்கிப்போயின. மடங்கினது மடங்கினதுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சேகரின் அப்பா வந்து நின்றது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு காலில் ஷூ லேஸ் கட்டாமல் ஓடி வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். டாக்டரிடம் பேசிவிட்டு வந்து என் எதிரில் நின்றார். "ப்ளக்க யாருடே மாட்டுனது?" என்று கேட்டார்.

இரண்டடி தள்ளி பபன் நின்றுகொண்டிருந்தார். மழையில் சைக்கிள் மிதித்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். கையில் சேகரின் செருப்பு. வீட்டுக்குப் போகும்போது பையனுக்கு வேண்டுமே என்று எடுத்து வந்தாராம்.

"ஹால் மிஸ்திரி, மாமா" என்றேன்.

பபனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மிஸ்திரி என்ற சொல் புனேவில் எல்லா மொழியிலும் மிஸ்திரிதான். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் செருப்பை பெஞ்சின் கீழே ஜோடியாக வைத்துவிட்டு வெளியே போனார்.

சேகரின் அப்பா கூடத்தின் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் பபனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். எனக்குத் தகவலாக வந்தது, நானும் தகவலாகக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சேகரின் குடும்பம் தேஹு ரோடில்தான் இருந்தது. நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் நான்கு வாசல் தள்ளி இருப்பவரை எப்படித் தவிர்ப்பது. ஸ்டேஷனில், ரேஷன் கடையில், ஷேர் ஆட்டோவில் எங்காவது அவர் எதிர்ப்படுவார். நின்று என் முகத்தைப் பார்ப்பார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். "சாப்ட்டியாடே?" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு நான் பயந்ததுபோல எந்தப் பரீட்சைக் கேள்விக்கும் பயந்ததில்லை. அவர் ஓய்வு பெற்று, சாமான்களை லாரியில் ஏற்றிய அன்றும் அப்படித்தான் நின்றார், அப்படித்தான் கேட்டார். லாரி திரும்பியபோது எனக்கு வந்தது துக்கம் என்றுதான் அன்று நினைத்தேன். நிம்மதி.

இனி மீனா வீட்டுக்கு வருகிறேன். ஒலிக்கோப்பு அந்த இடத்துக்கு வந்தது. அதே சுரம் ஸ்பீக்கரில் நீண்டது. அறையில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் கைகளை உயர்த்தினார்கள். பிறகு அந்தக் கைதட்டல். இவர்களும் சேர்ந்து தட்டினார்கள். மீனா தட்டவில்லை, அவளுக்குச் சேகரின் விரல்கள் தெரியும். அவள் புனே சாங்வியில் வளர்ந்த தமிழ்ப் பெண், தமிழ் கொஞ்சம் தடுக்கும், வேலைக்கு 'காம்' என்று இந்தி வந்து விழும்.

"அந்த மிஸ்திரி சரியா காம் பண்ணிருந்தா சேகர் இன்னிக்கு எங்க இருந்திருப்பான் இல்ல?" என்றாள்.

"மிஸ்திரி இல்ல மீனா. மாட்டினது நான்."

எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்காக அதையே இந்தியில் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. அனிகேத், பழைய கதை, விட்டுத்தள்ளு என்று என் தோளைத் தட்டினான். மீனா விடவில்லை. சேகருக்குத் தெரியுமா என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். அவள் உள்ளே போய், அவனுடைய எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

சேகர் இப்போது மதுரையில் ஒரு வங்கியில் இருக்கிறான். திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்ததும் கூப்பிட்டேன். பிள்ளைகள், மழை, வெயில் என்று சுற்றி வளைத்தேன். அவன்தான் நிறுத்தினான். "என்னடா விஷயம், சொல்லு" என்றான். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பச்சை வயரை மடித்தது, டெஸ்டர் எரிந்தது, வராந்தாவில் சொன்னது.

"தெரியும்டா" என்றான். "நீ மாட்டும்போது நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"அப்பாகிட்ட?"

"நினைவு நல்லாத் தெளிஞ்சப்புறம் சொன்னேன். ஒரு மாசம் இருக்கும். கேட்டுட்டு அந்த மிஸ்திரியத் தேடிட்டு அவரே போனார். அதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாராம். எங்கேன்னு யாருக்கும் தெரியல. அப்பா ரெண்டு மூணு தடவை போனார்."

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தார்."

ரேஷன் கடை, ஷேர் ஆட்டோ, லாரி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. சாப்ட்டியாடே, சாப்ட்டியாடே.

"மாமாகிட்ட ஒரு நிமிஷம் குடுக்கறியா?" என்றேன்.

"அப்பா போயி மூணு வருஷம் ஆச்சுடா" என்றான் சேகர். கோபமே இல்லாத குரல். அவன் திட்டியிருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு கேம்புக்குப் போனேன். பதினான்கு வருஷமாக அந்தச் சாலை வழியாகப் போவதைத் தவிர்த்து வந்திருக்கிறேன். சுற்றிப்போவதற்கு ஏதாவது காரணம் எப்போதும் கிடைத்துவிடும். கூடம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. எதிரில் இருந்த ஈரானி பேக்கரி இல்லை, மொபைல் கடை. ஒத்திகை பார்த்த தகரக் கொட்டகை இல்லை. கேசட் பதிவு செய்து தருகிற கடை இருந்த மாடிப்படியே இல்லை. கூடம் நின்ற இடத்தில் ஆறு மாடி வணிக வளாகம், கீழே இரண்டடுக்கு பார்க்கிங். மேடை இருந்த பக்கமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு ஒரு தூணருகே போய் நின்றேன். பபன் குடும்பம் இருந்த அறையின் இடத்தில் லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

காவலாளி வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். சின்ன வயது, பீகார்ப் பக்கத்து இந்தி. இங்கே ஒரு கூடம் இருந்ததே என்றேன். அவன் சிரித்தான். "கூடமா? இங்க எப்பவும் பார்க்கிங்தான் சார்."

நான் போகாமல் நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே அழைத்துப்போய், மேனேஜர் ஆபீஸில் ஒரு வயதான மராத்தி குமாஸ்தாவின் முன்னால் உட்காரவைத்தான். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். இடத்தை வாங்கியபோது பழைய கமிட்டியின் காகிதங்கள் சிலவும் கூடவே வந்தனவாம், சம்பளப் பதிவேடுகூட இருக்கலாமாம், அதில் ஊர் விலாசம் போட்டிருப்பார்களாம். எழுந்துபோய் பீரோவைத் திறந்து, தூசி தட்டி ஒரு தடித்த நோட்டை எடுத்துவந்தார். விரலை எச்சில் தொட்டுக்கொண்டு, சொல்லுங்கள் என்றார்.

"பபன்."

"அது கூப்பிடுகிற பேர். இந்த ஊரில் தெருவுக்கு நாலு பபன் இருப்பான். அவருடைய நிஜப் பேர் என்ன, குடும்பப் பேர் என்ன?"

அவர் விரலைத் தாளின்மேல் வைத்தபடி காத்திருந்தார். அந்தக் கூடத்துக்கு நான் எட்டுத் தடவை போயிருப்பேன். பபன் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். வெளியே மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது. தெரியாது என்றேன். குமாஸ்தா நோட்டை மூடினார்.